ரெட் போட்டார்கள், ஃபாலோ போடவில்லை: மாஸ் எஃபெக்ட் மூன்று பாகங்கள்

போன மாதம் தள்ளுபடி விலையில் மாஸ் எஃபெக்ட் லெஜண்டரி எடிஷன் என்ற வீடியோ கேம் வாங்கினேன். 2021 மே மாதம் வெளிவந்த தொகுப்பு. மூன்று பாகங்களும், தனியாக விற்ற கிளைக்கதைகளில் ஏறக்குறைய அத்தனையும் ஒன்றாகக் கிடைக்கின்றன. டவுன்லோட் ஓடிக்கொண்டிருக்கும்போதே பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் 2010-இல் நான் எழுதிவைத்த ஒரு வரி இருக்கிறது. எழுத்தும் எண்ணும் கலந்து, மூன்று மூன்றாகப் புள்ளி வைத்துப் பிரித்த நீளமான வரி. இரண்டாம் பாகத்தில் என் நாயகி ஷெப்பர்டுக்கு நான் செய்த முகத்தின் குறியீடு அது.

2015 டிசம்பர் மழையில் எங்கள் வியாசர்பாடி வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சிஸ்டமும் அதிலிருந்த ஹார்டு டிஸ்க்கும் போயின. ஆடிய ஆட்டத்தைச் சேமித்து வைத்த ஏழு வருடத்து சேவ் ஃபைல்களும் அதோடு போயின. டைரி உயரத்தில் இருந்ததால் தப்பியது. புதிய தொகுப்பு பழைய சேவ் ஃபைலை எடுத்துக்கொள்ளாது, ஆனால் இந்தக் குறியீட்டை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். திரையில் அவள் வந்து நின்றாள். எங்கள் பெரியம்மாவின் மூக்கு, கொஞ்சம் ஏறிய இடது புருவம். கண் கலங்கிவிட்டது.

கதையின் கடைசி வரை பேசப்போகிறேன். இன்னும் ஆடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கனடாவின் எட்மன்டன் நகரத்தில் இருக்கும் பயோவேர் செய்த கேம் இது. முதல் பாகம் 2007-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும், 2008-இல் கம்ப்யூட்டருக்கும் வந்தது. இரண்டாவது 2010 ஜனவரி, மூன்றாவது 2012 மார்ச். ஐம்பதாயிரம் வருடத்துக்கு ஒரு முறை ரீப்பர் என்னும் ராட்சச இயந்திரங்கள் வந்து, வளர்ந்த நாகரிகங்களை எல்லாம் அறுவடை செய்துவிட்டுப் போகும். அதைத் தடுக்கப் போகிறவர் கமாண்டர் ஷெப்பர்ட். ஆணாகவும் ஆடலாம், பெண்ணாகவும் ஆடலாம். இதுவரை சொன்னதில் பெரிய விசேஷம் இல்லை. விசேஷம் சேவ் ஃபைலில் இருந்தது. முதல் பாகத்தில் எடுத்த முடிவு இரண்டாவதில் வந்து நிற்கும், அதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும். யாரைக் காப்பாற்றினாய், யாரை விட்டுவிட்டு வந்தாய் என்பதை கேம் மறக்காது.

வீட்டில் ஒரே சிஸ்டம். ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்தது. நான் ஜீவா ஸ்டேஷனில் ரயில் ஏறி பீச்சில் இறங்கி, ஒரு ஷிப்பிங் ஆபீஸில் பில் ஆஃப் லேடிங் டைப் அடித்துக்கொண்டிருந்த காலம். சாயந்திரம் தம்பிக்கு, ராத்திரி எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். அவனுடைய ஷெப்பர்ட் ஆண், என்னுடையவள் பெண். வெர்மைர் என்ற கிரகத்தில் ஷெப்பர்டின் கூட்டாளிகளான ஆஷ்லி, கெய்டன் இருவரில் ஒருவரைச் சாக விட்டுவிட்டுத்தான் வர முடியும். நான் கெய்டனை விட்டுவிட்டு வந்தேன், அவன் ஆஷ்லியை. இரண்டு நாள் எங்களுக்குள் சரியாகப் பேச்சே இல்லை. நான்கு வருடம் கழித்து மூன்றாம் பாகத்தில் ஷெப்பர்டின் நார்மண்டி விண்கப்பலில், இறந்தவர்களுக்கான நினைவுச் சுவரில் என் கேமில் கெய்டன் பெயர் இருந்தது, அவன் கேமில் ஆஷ்லி பெயர். அந்தச் சுவரைப் பார்த்ததும் இவர்களை நம்பலாம் என்று தோன்றியது.

இரண்டாம் பாகத்தின் கடைசி மிஷன் மாதிரி ஒன்றை நான் வேறு எந்த கேமிலும் பார்க்கவில்லை. யாரை எந்த வேலைக்கு அனுப்புகிறோம், அவர்கள் மனசில் இருந்த பாரத்தை முன்பே தீர்த்து வைத்தோமா என்பதைப் பொறுத்துத்தான் ஒவ்வொருவரும் பிழைப்பார்கள். குழாய்க்குள் தவறான ஆளை அனுப்பி ஒருவரைப் பறிகொடுத்தான் தம்பி. பழைய சேவைத் திரும்ப லோட் செய்யச் சொன்னேன். "நான்தானே அனுப்பினேன், அக்கா" என்று சொல்லி மறுத்துவிட்டான். என் கேமில் எல்லோரும் திரும்பி வந்தார்கள். அணியின் விஞ்ஞானி டாக்டர் மோர்டினுக்குச் சண்டையில் தாக்குப்பிடிக்கும் உடம்பு இல்லை என்று, மீட்ட பணியாளர்களோடு அவரைத் திருப்பி அனுப்பியிருந்தேன்.

மூன்றாம் பாகம் வந்த 2012 கோடையில் சென்னைக்குத் தினமும் இரண்டு மணி நேர மின்வெட்டு. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சேவ் செய்துகொண்டே ஆடினேன். அந்தப் பாகத்தின் பெரும்பகுதி பொன். டுச்சாங்கா கிரகத்தில், பிள்ளை பிறக்காமல் ஒரு இனத்தையே முடக்கிய நோய்க்கு மருந்து பரப்ப, எரிந்து சரியும் கோபுரத்தில் மோர்டின் ஏறுகிறார். வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஏறுகிறார். நான் அன்று பத்திரமாகத் திருப்பி அனுப்பிய அதே மனிதர். மானிட்டரை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு ரன்னாக். குவாரியன் என்ற இனம் கெத் என்ற இயந்திரங்களைச் செய்தது. அவை யோசிக்கத் தொடங்கியதும் பயந்து அழிக்கப் பார்த்தது. போர் மூண்டு, செய்தவர்கள் தோற்று, முந்நூறு வருடம் வீடில்லாமல் கப்பலிலேயே அலைந்தார்கள். இரண்டாம் பாகத்திலேயே என் அணியில் இருந்த குவாரியன் பெண் டாலிக்கும், கெத் இயந்திரம் லீஜனுக்கும் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருந்தால்தான் இரண்டு தரப்பையும் சமாதானம் செய்ய முடியும். நான் செய்திருந்தேன். தன் இனம் பிழைக்க லீஜன் தன்னையே கொடுக்கிறது. அதுவரை தன்னை "நாங்கள்" என்றே சொல்லிவந்த இயந்திரம், போகும் முன்பு முதல் தடவையாக "நான்" என்கிறது. அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு வருடம் ஆடியிருக்கிறேன் என்று தோன்றியது. அப்புறம் டாலி முகமூடியைக் கழற்றித் தன் சொந்த மண்ணின் காற்றை முகத்தில் வாங்கிக்கொள்கிறாள்.

இனி முடிவு. லண்டன் போர்க்களம். காயம்பட்ட ஷெப்பர்ட் காலை இழுத்துக்கொண்டு மேலே விண்வெளி நிலையத்துக்குப் போய்ச் சேர்கிறாள். அங்கே ரீப்பர்களின் பிடியில் சிக்கியிருக்கும் இல்லூசிவ் மேன் என்பவனோடு வாக்குவாதம். நாம் பேச வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு வட்டத்தின் இடது பக்கம் நீல எழுத்தில் ஒரு வரி வரும். முன்பெல்லாம் அவனோடு பேசிப்பேசி வந்திருந்தால் அந்த வரியாலேயே அவனுக்குத் தன் தவறைப் புரியவைக்கலாம். புரியவைத்தேன். பேச்சுக்கு அந்த நிமிடம் வரை மதிப்பு இருந்தது. அவளுடைய பழைய கேப்டன் ஆண்டர்சனும் ஷெப்பர்டும் அருகருகே உட்கார்ந்து கீழே பூமியைப் பார்க்கிறார்கள். அங்கே முடித்திருக்கலாம்.

ஆனால் தரை உயர்ந்து அவளை இன்னும் மேலே கொண்டுபோகிறது. அங்கே ஒளியாலான ஒரு சிறுவன். இதற்கு முன்னால் இப்படி ஒருவன் இருக்கிறான் என்று நமக்குச் சொல்லவே இல்லை. ரீப்பர்களை நடத்துவதே அவன்தான். ஏன் இத்தனை கோடி உயிரை அறுத்தாய் என்றால், படைக்கப்பட்டவை எப்போதும் படைத்தவரை எதிர்த்து எழும், அதைத் தடுக்கத்தான் என்கிறான். நான் ரன்னாக்கிலிருந்து வந்து பத்து மணி நேர ஆட்டம்கூட ஆகவில்லை. அங்கே கெத் இயந்திரங்கள் குவாரியன்களுக்கு வீடு கட்டிக் கொடுக்க உதவிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் கப்பல்கள் இரண்டும் ஒரே அணியாக அந்த ஜன்னலுக்கு வெளியே சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. பேச்சு வட்டத்தின் இடது பக்கத்தைப் பார்த்தேன். நீல வரி இல்லை. மிரட்டிப் பேசும் சிவப்பு வரியும் இல்லை. "நீ சொல்வது பொய், அதோ பார்" என்று சொல்ல ஒரு வரி இல்லை. நூறு மணி நேரமாக எல்லோரிடமும் வாதாடிய என் ஷெப்பர்ட், அவன் சொன்னதை ஏற்று நின்றாள். எனக்கு வலித்த இடம் இதுதான். அவள் சாவாள் என்பதற்கு நான் முன்பே மனசைத் தயார் செய்திருந்தேன்.

பிறகு மூன்று வழி. சிவப்பு என்றால் ரீப்பர் அழியும், கெத்தும் சேர்ந்து அழியும். நீலம் என்றால் ரீப்பர்களை அவளே ஆட்டிவைப்பாள். பச்சை என்றால் உயிர்களும் இயந்திரங்களும் கலந்துவிடும். சிவப்புப் பக்கம் பாதி தூரம் நடந்தேன். லீஜன் சொன்ன "நான்" நினைவுக்கு வந்தது, திரும்பிவிட்டேன். கடைசியில் பச்சை. அண்டத்தில் இருக்கும் ஒருவரையும் கேட்காமல் எல்லோர் உடம்பையும் மாற்றிவிட்டேன். தம்பி மறுநாள் சிவப்பை எடுத்தான். அவனுக்கு ஓடிய காட்சியும் ஏறக்குறைய எனக்கு ஓடியதேதான், நிறம் மட்டும் வேறு. வெளியீட்டுக்கு முன் ஒரு பேட்டியில் இயக்குநர் கேசி ஹட்சன், 'ஏ, பி, சி' என்று எண்ணிச் சொல்லும் வகை முடிவாக இது இருக்காது என்று சொல்லியிருந்தார்.

லண்டனில் என் பக்கத்தில் ஓடிவந்த டாலி, ஏதோ ஒரு காட்டுக் கிரகத்தில் விழுந்த நார்மண்டியிலிருந்து இறங்கி வருகிறாள். எப்படிப் போனாள் என்று தெரியாது. நட்சத்திரங்களுக்கு இடையே போக வழியாக இருந்த ரிலேக்கள் வெடித்துவிடுகின்றன. குவாரியன்களாலும், டூரியன் என்ற இன்னொரு இனத்தாராலும் மனிதர் உணவைச் சாப்பிட முடியாது. அந்த இரண்டு படையும் பூமியைச் சுற்றியே சிக்கிக்கொண்டன. எதைத் தின்பார்கள்? எல்லாம் முடிந்ததும் திரையில் ஒரு அறிவிப்பு வந்தது: கூடுதல் உள்ளடக்கம் மூலம் ஷெப்பர்டின் புகழை மேலும் வளர்க்கலாமாம்.

அழுதுகொண்டிருந்தேன். அப்பா மன்றத்தில் கேரம் ஆடிவிட்டு அப்போதுதான் வந்தார். "யாரும்மா போய்ட்டாங்க?" என்றார். உட்காரவைத்து முழுக்கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்போ ரெட் போட்டுட்டு ஃபாலோ போடலைன்னு சொல்லு" என்றார். கேரமில் சிவப்புக் காயைக் குழியில் போட்டால் அடுத்து உன் காய் ஒன்றையும் போட வேண்டும். அதைத்தான் ஃபாலோ என்போம். அது விழாவிட்டால் ரெட் திரும்பவும் போர்டின் நடுவுக்கே வந்துவிடும்.

இன்னொரு வருத்தமும் உண்டு. நாம் சேர்த்த படைபலத்தில் பாதியைத்தான் கேம் கணக்கில் எடுக்கும். மீதிக்கு இணையத்தில் மற்றவர்களோடு ஆட வேண்டும். எங்கள் வீட்டு இணைப்பில் அது நடக்கிற காரியமா? ஷெப்பர்ட் பிழைத்திருப்பதைக் காட்ட, கடைசியில் ஒரு மூச்சு இழுக்கும் காட்சி எங்களுக்குக் கிடைக்கவே இல்லை.

கோபப்பட்டவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். மூன்று நிறத்தில், ஒரே சுவையில் சுமார் 400 கப் கேக் எட்மன்டனுக்கு அனுப்பினார்கள். குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு உதவும் ஒரு அறக்கட்டளைக்கு முடிவை மாற்றக் கேட்பவர்களாகச் சேர்ந்து 80,000 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2012 ஜூன் 26-இல் எக்ஸ்டெண்டட் கட் என்று இலவசமாக ஒன்று வந்தது. கிட்டத்தட்ட 2 ஜிபி. ராத்திரி இரண்டு மணிக்கு மேல் இணையம் கணக்கில் வராது என்பதால் அலாரம் வைத்து எழுந்து இறக்கினேன். நண்பர்கள் எப்படிக் கப்பலேறினார்கள் என்று காட்டினார்கள். ரிலேக்களைச் சரிசெய்யலாம் என்றார்கள். நினைவுச் சுவரில் ஷெப்பர்டின் பெயர்ப்பலகையை மாட்டும் காட்சி, கெய்டன் பெயர் இருக்கும் அதே சுவர், நன்றாக இருக்கிறது. சிறுவனிடம் அதிகக் கேள்வி கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். மறுத்தால் எல்லோரும் செத்துப்போகிறார்கள். மறுத்துப் பேசியதற்கு அது தண்டனை மாதிரி இருந்தது.

வாங்கலாமா என்றால், வாங்குங்கள். 120 ஜிபி இடம் வேண்டும். முதல் பாகத்தில் கிரகங்களில் ஓட்டும் மேக்கோ வண்டி இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது. மல்டிபிளேயரை எடுத்துவிட்டார்கள், படைபலத்தைத் தனியாக ஆடியே சேர்க்கலாம். முதல்முறை ஆடுகிறவர்கள் டுச்சாங்காவையும் ரன்னாக்கையும் அவசரப்படாமல் ஆடுங்கள்.

நான் இந்த முறை கடைசி மிஷனைத் தொடங்கவில்லை. 2013-இல் வந்த சிட்டாடல் கிளைக்கதையை ஆடி அங்கே நிறுத்திக்கொண்டேன். ஷெப்பர்ட் வீட்டில் விருந்து, உயிரோடு இருக்கும் எல்லோரும் வருகிறார்கள், கடைசியில் குரூப் போட்டோ எடுக்கிறார்கள். அந்தப் படத்தை பிரிண்ட் போட்டு டைரியில், முகக் குறியீட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் நைட் ஷிஃப்டில் இருக்கும் தம்பிக்கு போனில் அனுப்பினேன். ஆஷ்லி நிற்பதைப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டான். அவனுக்கும் ஒரு காப்பி வேண்டுமாம்.