தடத்துக்கு எது: கோ-கார்ட்டா, மியாட்டாவா, ஜிடி3-யா?

பந்தயத் தடத்தில் ஓட்ட ஆசை வந்தவுடன் எல்லோரும் குதிரைத்திறனைத்தான் விசாரிக்கிறார்கள். நான் முதலில் எடையை விசாரிக்கச் சொல்வேன். டயரின் பிடிப்பு விட்டுப்போக இருக்கும் அந்தக் கட்டத்தில் வண்டியைத் தக்கவைத்து வளைவைக் கடப்பதில்தான் இந்த ஓட்டத்தின் சுகமே இருக்கிறது. கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டி, மாஸ்டாவின் மியாட்டா, போர்ஷேயின் 911 ஜிடி3 ஆகிய மூன்றில், அடிக்கடி, பயமில்லாமல் அந்தக் கட்டத்தைத் தொடவிடும் வண்டி எது என்பதுதான் என் கேள்வி.

கோ-கார்ட்டைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்க வேண்டாம். ஃபார்முலா 1 சாம்பியன்கள் சென்னா, ஷூமாக்கர், ஹாமில்டன் எல்லோரும் அதில்தான் தொடங்கினார்கள். மேடு பள்ளத்தின் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் கிடையாது, இரு பக்கச் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலும் கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்தே சுற்றும். அதனால் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு லேசாக எழும்பினால்தான் கார்ட் ஒழுங்காகத் திரும்பும். தடத்தின் ஒவ்வொரு மேடும் முதுகில் தெரியும். ஆனால் வாடகைக் கார்ட்டில் கியர் மாற்றும் வேலை இல்லை. எடை முன்னும் பின்னும் சாய்வதையும் அதில் பெரிதாக உணர முடியாது. சரி, காருக்கு வருவோம்.

மாஸ்டா மியாட்டா, அதாவது எம்எக்ஸ்-5, 1989-இல் வந்தது. இன்றைய 2 லிட்டர் மாடலின் எடை ஏறக்குறைய 1,050 கிலோ, திறன் 180 குதிரைத்திறனை ஒட்டி. நேர்த்தடத்தில் இது யாரையும் மிரட்டாது. வளைவில்தான் அதன் அருமை. நேராக இருக்கும்போதே பிரேக்கை அழுத்தி, கியரைக் குறைத்து, பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்புகிறீர்கள். கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டால் ஸ்டியரிங் கையில் சட்டென்று லேசாகும்: முன்டயர்கள் பிடிப்பை இழக்கின்றன. ஆக்சிலரேட்டரை ஒரு துளி தளர்த்தினால் எடை முன்னால் சாய்ந்து மூக்கு மறுபடி உள்ளே வரும். எல்லாம் நிதானமாக நடப்பதால், என்ன நடந்தது, எதனால் நடந்தது என்று வளைவு முடிவதற்குள்ளேயே புரிந்துவிடும்.

போர்ஷே 911 ஜிடி3 வேறு ரகம். டர்போ இல்லாத 4 லிட்டர் எஞ்சின், 510 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும். ஜெர்மனியில் உள்ள 20.8 கிலோமீட்டர் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃப் தடத்தை 7 நிமிடத்துக்குள் சுற்றிய கார். எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் இருப்பதால், வளைவிலிருந்து வெளியேறும்போது பின்டயர்கள் தரையைக் கவ்விக்கொண்டு தள்ளும். 8,000-ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே போகும் அந்த அலறலுக்கு மற்ற இரண்டிலும் ஈடே இல்லை, மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்னால் இருக்கும் அதே எஞ்சின் எடை, வளைவின் நடுவில் பதறிப்போய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கத்தை வெளியே வீசப் பார்க்கும். அந்த வேகத்தில் யோசிக்க அவகாசமே இருக்காது.

அப்புறம் பிரேக். 160 கிமீ வேகத்தில் வரும் மியாட்டாவோடு ஒப்பிட்டால், 240-இல் வரும் ஜிடி3 சுமக்கும் இயக்க ஆற்றல் சுமார் மூன்று மடங்கு. அவ்வளவும் பிரேக்கில் வெப்பமாக மாற வேண்டும். பெரிய டிஸ்க்குகள் அதைத் தாங்கும். பிரேக் பேடும் டயரும் தேய்வதற்கான செலவை நீங்கள் தாங்க வேண்டும். எந்தக் காராக இருந்தாலும் பிரேக் ஃப்ளூயிடை மாற்றாமல் தடத்துக்குப் போகாதீர்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், கொதிநிலை இறங்கும், கொதித்தால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும்.

என் தேர்வு மியாட்டாதான். முதல் ஆண்டு முழுக்க அதிலேயே ஓட்டுங்கள், இடையிடையே கார்ட்டில் ஏறுங்கள். ஜிடி3-யை அதன் எல்லைவரை கொண்டுபோகும் கை உங்களுக்கு வாய்த்த பிறகு என் தேர்வு மாறும். ஏனென்றால் அந்த எஞ்சினின் பரவசம் உண்மையானது.

மழை பெய்தால் மட்டும் எவ்வளவு அனுபவம் இருந்தாலும் மியாட்டாவையே எடுப்பேன். ஜிடி3-க்குப் போடும் தட டயர்களில் நீரை வெளியேற்றும் பள்ளங்கள் குறைவு. ஈரத்தில், ரப்பர் படிந்த வழக்கமான பாதையே வழுக்கும். சற்றுத் தள்ளி, சொரசொரப்பான இடத்தைத் தேடிக்கொண்டே ஓட்ட வேண்டும். திறன் குறைந்த, எடை குறைந்த காரில்தான் அந்தத் தேடல் சாத்தியம்.