'35 சிசி' பெட்டிக்குள் 25 சிசி மெஷின்: டாப் ஹேண்டில் செயின் சா வாங்கும் மரமேறிகள் கவனத்துக்கு

நாங்கள் வாங்கிய டாப் ஹேண்டில் செயின் சாவின் (கைப்பிடி மேலே இருக்கும், மரத்தின் மேல் பிடித்து அறுக்கும் சின்ன மெஷின்) பெட்டியில் அச்சடித்திருந்தது: 35 சிசி, 12 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடும் தகடு), 1.8 கிலோவாட். எங்கள் குழு அதற்குக் கொடுத்தது ரூ. 11,500. நாலு நாள் வேலையில் திணறிய பிறகு சிலிண்டரைக் கழற்றி வெர்னியரால் அளந்தோம். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 34 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 28 மி.மீ. கணக்குப் போட்டால் 25.4 சிசிதான் வருகிறது. விற்றவரிடம் கேட்டதற்கு, 'பெட்ரோல் ஊற்றிவிட்டால் இன்ஜின் சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது' என்று பதில் வந்தது. அதனால், டேங்க் மூடியைத் திறப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டியவற்றை முதலில் எழுதுகிறோம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவு: ஸ்டில் எம்.எஸ். 201 டி மெஷினுக்கும் ஸ்ட்ரோக் 28 மி.மீ.தான், ஆனால் போர் 40 மி.மீ. அதனால்தான் அது 35.2 சிசி, 1.8 கிலோவாட். வெளியே பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன், வித்தியாசம் தெரியாது. 25 சிசி என்பதே மட்டம் என்று சொல்லவில்லை. எக்கோ சி.எஸ். 2511 டி-யும் 25 சிசிதான். எடை குறைவு, கிளை கழிக்க அருமையான மெஷின். 25 சிசி மெஷினுக்கு 12 இன்ச் பாரும் 3/8 செயினும் மாட்டி 35 என்று விற்பதுதான் ஏமாற்று. கனமான கிளையில் பாதி அறுப்பிலேயே இன்ஜின் அமுங்கும். ஆள் மெஷினை அழுத்துவார். அழுத்தும்போது பார் நுனியின் மேல்பக்கம் பக்கத்துக் கிளையில் பட்டால் கிக்பேக், மெஷின் முகத்தை நோக்கி எகிறும். டாப் ஹேண்டிலில் இரண்டு பிடிகளும் நெருக்கமாக இருப்பதால் அதை அடக்குவது பெரிய மெஷினைவிடக் கடினம்.

பெட்ரோல் இல்லாமல் பார்க்க வேண்டியவை. பெயரைப் பாருங்கள்: 'ஸ்டில் எம்.எஸ். 200 டி, புத்தம் புதிது' என்றால் வாங்க வேண்டாம். அந்த மாடல் உற்பத்தி நின்று பல வருடம் ஆகிறது. 'எம்.எஸ். 201 டி சி-எம்' என்று சொன்னால் கார்புரேட்டர் பக்கம் பாருங்கள். அசலில் எச், எல் திருகுகள் (பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைப்பவை) இருக்காது, அந்தக் கலவையை எலக்ட்ரானிக்ஸே சரிசெய்துகொள்ளும். ஸ்க்ரூடிரைவர் போடும் அந்த இரண்டு துளைகள் இருந்தால் அது போலி. இன்ஜின் பாடியில் குத்தியிருக்கும் சீரியல் நம்பரைப் படம் எடுத்து அந்த நிறுவனத்தின் டீலரிடம் காட்டுங்கள். வெறும் ஸ்டிக்கரில் உள்ள நம்பரை நம்ப வேண்டாம்.

அடுத்தது, செயினை நிறுத்தும் பிரேக். இன்ஜின் அணைந்திருக்க, பிரேக்கை விடுவித்து, ஒரு மரக்கட்டைக்கு ஒரு அடி மேலே மெஷினை ஆக்சிலேட்டர் உள்ள மேல்பிடியில் மட்டும் பிடித்துக்கொண்டு முன்பிடியை விடுங்கள். பார் நுனி கட்டையில் விழுந்து இடித்ததும் பிரேக் தானாக விழ வேண்டும். எங்களுக்கு வந்ததில் மூன்று முறையில் ஒரு முறைதான் விழுந்தது. கயிறு மாட்டும் வளையத்தையும் கவனியுங்கள்: அது பிளாஸ்டிக் மூடியில் ஒற்றை ஸ்க்ரூவில் நின்றால், மரத்தின் மேல் அதில் மெஷினைத் தொங்கவிடுவது கீழே நிற்பவர் தலைக்கு ஆபத்து.

இனி ஓட்டிப் பார்த்தால்தான் தெரிபவை. நேரில் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஓட்டச் சொல்லுங்கள். சூடான பிறகு ஆக்சிலேட்டரை விட்டால் செயின் அசையவே கூடாது. அசைந்தால் ஐடில் திருகைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். இன்ஜின் அணையும் அளவுக்குக் குறைத்தும் செயின் ஊர்ந்தால் கிளட்ச் ஸ்பிரிங் பலவீனம் என்று அர்த்தம். இதை எந்தச் சமாதானத்துக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஐடிலில் ஓடும் மெஷின் தொங்குவது தொடைக்கும் ஏறுகயிற்றுக்கும் பக்கத்தில்.

பிறகு முழு ஆக்சிலேட்டரில் மணிக்கட்டால் முன்கவசத்தை (முன்பிடிக்கு முன்னால் உள்ள பிரேக் கைக்காப்பை) முன்னால் தள்ளுங்கள். செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். எங்கள் மெஷினில் புதிதில் நின்றது, நாலாம் நாள் வழுக்கியது. செயின் ஆயில் பம்ப் கசிந்து பிரேக் பட்டையும் டிரம்மும் எண்ணெயில் ஊறியிருந்தன. ஒரு ராத்திரி நிறுத்திவைத்தபோது மெஷினுக்கடியில் எண்ணெய் தேங்கியிருந்ததே, அதை அப்போதே அடையாளமாக எடுத்திருக்க வேண்டும்.

பெட்ரோலில் இன்ஜின் ஆயில் கலக்கும் மிக்சர் பற்றியும் தப்பாகவே சொல்கிறார்கள். 50:1 என்றால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில், 25:1 என்றால் 40 மில்லி. மெஷினோடு வந்த புத்தகத்தில் எந்த அளவு இருக்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடிக்கும். உடனே 'உங்கள் மிக்சர் தவறு' என்று வாரண்டியைக் கைகழுவிவிடுவார்கள். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருக்கிறது. பெயர்பெற்ற கம்பெனிகளின் மெஷின்களுக்கே பெரும்பாலும் 10 விழுக்காடுதான் வரம்பு. மட்டமான ரப்பர் டியூபும் கார்புரேட்டர் டயாஃப்ரமும் சீக்கிரம் விறைத்துப்போகும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக அணையும்வரை ஓட்டிவிடுங்கள்.

ஆன்லைனில் ஏற்கெனவே ஆர்டர் போட்டிருந்தால், பெட்டி பிரிப்பதை ஒரே வீடியோவாக எடுங்கள். பெட்டியின் அச்சு, சீரியல் நம்பர், பிரேக் சோதனை மூன்றும் அதில் வரட்டும். விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் அன்றே எடுங்கள், பின்னால் '35' என்பதை மாற்றிவிடுவார்கள். பில்லோடு இவற்றை வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம்.

ஏமாந்து வாங்கிவிட்டோம், தரையில் விறகாவது அறுக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம். டாப் ஹேண்டில் மரத்தின் மேல் பயிற்சி பெற்றவர் பிடிப்பதற்கு மட்டும் செய்தது. தரை வேலைக்குப் பின்கைப்பிடி வைத்த மெஷின்தான் சரி. பிரேக் வழுக்குகிற மெஷினை பிளக் வயரைக் கழற்றி ஓரமாக வையுங்கள், வேறொருவருக்கு விற்றுவிடாதீர்கள்.