ஊதுலையா, மின்வில் உலையா?

பழைய ஊதுலையை (கோக் எனும் நிலக்கரி எரிபொருளால் இரும்புத் தாதுவை உருக்கும் உலை) புதுப்பிப்பதா, மின்வில் உலைக்கு (மின்சார வில்லின் வெப்பத்தால் உருக்கும் உலை) மாறுவதா என்று பல எஃகு ஆலைகள் தயங்குகின்றன.

உமிழ்வு: ஊதுலை வழியில் ஒரு டன் எஃகுக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலையில் இது மிகக் குறைவு. அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் இந்த ஆதாயம் சுருங்கும்.

எரிபொருள்: ஊதுலைக்கான கோக் தயாரிக்கும் நிலக்கரியை ஏற்றுமதி செய்யும் நாடுகள் சிலவே. மின்வில் உலையோ மின்கட்டணத்தை நம்பியது. 2022இல் ஐரோப்பாவில் கட்டணம் எகிறியபோது சில உலைகள் உற்பத்தியை நிறுத்தின.

நிறுத்தம்: ஊதுலை ஆண்டுக்கணக்கில் அணையாமல் எரிய வேண்டும்; மின்வில் உலையைச் சில மணி நேரம் நிறுத்தலாம்.

தூய மின்சாரமும் பழைய இரும்பும் தடையின்றிக் கிடைத்தால் மின்வில் உலையே என் தேர்வு. பழைய இரும்பில் செம்பு கலந்திருக்கக்கூடும் என்பதால், செம்புக் கலப்பில்லாத உயர்தரத் தகடுகளுக்குப் பெரும்பாலும் ஊதுலை இன்னும் தேவைப்படுகிறது. ஆனால் ஒருமுறை புதுப்பித்தால், மேலும் சுமார் 15 ஆண்டுகள் நிலக்கரியோடு கட்டுண்டிருப்போம். அதுதான் என்னை அச்சுறுத்துகிறது.