மொட்டை மாடி வெப்பத் தடுப்பு வேலை: பெயர்த்ததாகச் சொல்லி அப்படியே மூடிவிடுகிறார்கள், கவனம்

மொட்டை மாடியில் பழைய தட்டோட்டுத் தளத்தைப் பெயர்த்துவிட்டுப் புதிதாக வெப்பத் தடுப்பு போடப்போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

தாம்பரம் பக்கம் ஒரு வீட்டில் நடந்தது இது. 900 சதுர அடி மாடி. முப்பது வருஷத்துக்கு மேலான செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம், மேலே தட்டோடு. ஓட்டுச் சந்துகளில் பூச்சு போய், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, கீழே கூரையில் ஓதம் காத்து உப்பு பூத்திருந்தது. கான்கிரீட் தெரியும்வரை பழையதைப் பெயர்ப்பது, நீர்க்கசிவுத் தடுப்பு பூசுவது, அதன்மேல் 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகை (வெப்பத்தைத் தடுக்கும் கெட்டியான நுரைப் பலகை), சாந்துத் தளம், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் டைல்ஸ். இதுதான் பேச்சு. முக்கால்வாசிப் பணம் வேலை பாதியில் இருக்கும்போதே வாங்கப்பட்டுவிட்டது.

பங்குனியில் வேலை முடிந்தது. ஐப்பசி மழையில் முன்பைவிட மோசமாக ஒழுகியது. "உள்ள தங்கின ஈரம்தான் சார் இறங்குது, காய்ஞ்சா நின்னுடும்" என்றார் ஒப்பந்தக்காரர். அதன்பின் போனை எடுக்கவில்லை.

மாடியின் நடுவில் நான்கு டைல்ஸை அறுத்துப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. சாந்துக்குக் கீழே இருந்தது எக்ஸ்.பி.எஸ். அல்ல, சாதாரண தெர்மகோல். விரலால் கிள்ளினால் மணி மணியாக உதிர்ந்தது. அதற்கும் கீழே பழைய செங்கல் ஜல்லி அப்படியே கிடந்தது, பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்கு ஊறிப்போய். கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு மட்டும் கான்கிரீட் வரை பெயர்த்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் மாடி வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் தெரிகிற இடம் அதுதான். நடுவில் தட்டோட்டை மட்டும் உரித்துவிட்டு மூடிவிட்டார்கள்.

இப்படிச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வேலையில் ஆள் கூலி அதிகம் விழுவது பெயர்ப்பதிலும் குப்பையை இறக்குவதிலும்தான். அதை மிச்சம் பிடித்தால் லாபம் இரட்டிப்பாகும். மூடிய பிறகு யாருக்கும் தெரியாது.

குப்பை மட்டும் பொய் சொல்லாது. கணக்கு இதுதான்: சராசரி 3 அங்குல ஜல்லித் தளம் 900 சதுர அடிக்கு 225 கன அடி. ஓடும் அதன் அடிச்சாந்தும் சேர்ந்து ஒன்றேகால் அங்குலம் என்றால் இன்னொரு 90 கன அடி சொச்சம். எல்லாம் சேர்ந்து 15, 16 டன் எடை. குட்டி யானை வண்டியில் முக்கால் டன் வீதம் ஏற்றினால் 20 நடை ஆக வேண்டும். கூடுதலாக ஏற்றினாலும் 14, 15க்குக் குறையாது. அந்த வீட்டிலிருந்து போனது எட்டே நடை. நடையை எண்ணியிருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். உங்கள் மாடிக்கும் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டு, கொட்டேஷனில் "குப்பை இத்தனை யூனிட்" என்று எழுதி வாங்குங்கள். பெயர்த்த குப்பை உப்பிவிடும் என்பதால் 315 கன அடி என்பது 400 கன அடி, அதாவது நான்கு யூனிட் வரும்.

பழையதை விட்டுவிட்டு மேலே போட்டால் ஒழுகல் மட்டும் பிரச்சினை இல்லை, பாரமும் ஏறுகிறது. 3 அங்குல ஜல்லித் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 125 கிலோ. ஆள் புழங்கும் மாடிக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மேற்பாரமே (ஆட்கள், சாமான்களின் எடை) 150 கிலோதான். பழையது போகாமல் புதுச் சாந்தும் டைல்ஸும் ஏறினால், மேற்பாரத்துக்காக விட்டுவைத்த அந்தத் தாங்கும் திறனைத் தின்றுவிடும். ஊறிய ஜல்லிக்கு அடியில் கம்பி துருப்பிடித்து, கீழே காரை பெயர்ந்து விழ ஆரம்பிக்கும். வெப்பமும் குறையாது: வெப்பத் தடுப்புப் பொருள் வேலை செய்வது உள்ளே அடைபட்ட காற்றால். அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்.

பெயர்க்கும்போது பெரிய பிரேக்கர் மெஷின் வேண்டாம். அடியில் இருக்கும் கான்கிரீட் நான்கு, ஐந்து அங்குலக் கனம்தான். அதிர்வில் அடிப்பூச்சு கொட்டும், விரிசல் விடும். உளியும் சுத்தியலும் போதும், ஜல்லித் தளம் பாளம் பாளமாக வந்துவிடும். குப்பையை மாடி நடுவில் குவிக்க விடாதீர்கள். இரண்டடி உயரக் குவியல் சதுர மீட்டருக்கு 700, 800 கிலோ வரும். அன்றன்றைக்கு இறக்க வேண்டும்.

கான்கிரீட் முழுக்கத் தெரிந்ததும் கழுவிக் காயவிட்டு, நீங்களே மேலே ஏறி நான்கு மூலையையும் நடுவையும் போட்டோ எடுங்கள். விரிசல்களை வெட்டி பாலிமர் சாந்து அடைத்து, கைப்பிடிச் சுவர் மூலையில் மூன்றங்குலம் வளைவாகப் பூசி, நீர்க்கசிவுத் தடுப்பு பூசிய பின் வடிகுழாயை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்ட வேண்டும். கீழே ஒரு பொட்டு ஈரம் தெரிந்தாலும் பலகை ஏறக்கூடாது. இதைத் தாண்டிப் போக அவசரப்படுத்துகிற ஆளிடம் வேலையை நிறுத்துங்கள்.

பலகை வந்ததும் தராசில் வையுங்கள். 1,250க்கு 600 மி.மீ. அளவில் 50 மி.மீ. கனமுள்ள எக்ஸ்.பி.எஸ். பலகை, கன மீட்டருக்கு 32 கிலோ அடர்த்தி என்றால் 1.2 கிலோ இருக்கும். சாதாரண தெர்மகோல் அதில் பாதிகூட வராது. உடைத்துப் பார்த்தாலும் எக்ஸ்.பி.எஸ்.ஸில் மணி தெரியாது. தெர்மகோல் சாந்தின் பாரத்தில் அமுங்கும், டைல்ஸ் பிளக்கும்.

பழைய முறையிலேயே சுண்ணாம்புத் தளம் போடுகிறவர்கள் கலவையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் கிடையாது. பரப்பிய பின் கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்க வேண்டும். இப்போது பலர் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்டைக் கலந்து ஒரே நாளில் முடிக்கிறார்கள். அது வெயிலுக்கு விரிந்து சுருங்கும்போது வெடித்துவிடும். எந்த முறையானாலும் தண்ணீர் ஓட வாட்டம் பத்தடிக்கு ஒரு அங்குலமாவது வேண்டும். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பணத்தைச் சதுர அடிக் கணக்கில் மொத்தமாகப் பேசினாலும், கொடுப்பதை மூடப்படும் ஒவ்வொரு அடுக்கோடும் கட்டுங்கள்: பெயர்த்துக் குப்பை போன பின் ஒரு பகுதி, தண்ணீர் கட்டிப் பார்த்த பின் ஒரு பகுதி, பலகை பரப்பிய பின் ஒரு பகுதி. ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டும்வரை பத்து சதவீதமாவது கையில் இருக்கட்டும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. கொட்டேஷன், வங்கி வழியாகக் கொடுத்த பணத்தின் கணக்கு, வாட்ஸ்அப் பேச்சு, அறுத்துத் திறந்த இடத்தின் தேதியுள்ள படங்கள், ஒரு சிவில் இன்ஜினியரின் எழுத்துமூல அறிக்கை இவற்றைச் சேர்த்து வையுங்கள். அதற்கு முன் வேறு ஆளை வைத்துப் பெயர்த்துவிட்டால் ஆதாரம் குப்பையோடு போய்விடும்.