மூலாதாரத்துக்கு எந்த வழி? ரெய்கி, பிராணிக் ஹீலிங், சாந்தி தவம், மூலபந்தம்: ஓர் ஒப்பீடு

‘உங்களுக்கு மூலாதாரம் அடைபட்டிருக்கிறது’ என்று ஹீலிங் மையத்தில் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு யோகா வகுப்புக்கு வருபவர்கள் நிறைய. மூலாதாரம் என்பது முதுகெலும்பின் அடியில் இருப்பதாகச் சொல்லப்படும் முதல் சக்கரம், அதாவது உடலின் ஆற்றல் மையம். சொல்லப்படும் அறிகுறிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: காரணம் தெரியாத பயம், பணத்தைப் பற்றி ஓயாத கவலை, இடுப்பு வலி, மலச்சிக்கல், காலில் தெம்பில்லாத உணர்வு. அப்புறம் அவர்கள் கேட்பது, ரெய்கிக்குப் போகலாமா, பிராணிக் ஹீலிங் எடுத்துக்கொள்ளலாமா, மனவளக்கலை மன்றத்தில் மூலாதாரத்தில் கவனம் வைக்கும் சாந்தி தவம் கற்கலாமா, இல்லை ஆசனமும், இடுப்பின் அடித்தசையை மேலே இழுக்கும் மூலபந்தமும் போதுமா என்பதைத்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற ஆதாரங்கள் (சக்கரங்கள்) எப்படியோ, மூலாதாரத்தைப் பொறுத்தவரை நாமே நம் உடலால் செய்யும் பயிற்சிக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். தவம் அதற்கு அடுத்து. பிறர் கை வைத்துத் தரும் சிகிச்சை துணைக்கு மட்டும். மூலாதாரம் என்று எதைச் சொல்கிறோமோ அது நம் காலில் நாம் நிற்கும் நம்பிக்கை. வாராவாரம் இன்னொருவரிடம் போய் வாங்கி வரும்போது அந்த நம்பிக்கை ஊன்றி நிற்பதில்லை.

எந்த மூலாதாரம்?

ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இந்த வழிகள் எல்லாம் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு பேசவில்லை.

16-ஆம் நூற்றாண்டில் பூர்ணானந்தர் எழுதிய தாந்திரிக நூலில் மூலாதாரம் நான்கு சிவப்பு இதழ்கள் கொண்ட தாமரை. நடுவில் மஞ்சள் சதுரம், அது பூமி தத்துவம். பீஜ மந்திரம் ‘லம்’. சுமப்பது யானை. அங்கே பிரம்மா இருக்கிறார், மூன்றரைச் சுற்றாகப் பாம்பு வடிவில் குண்டலினி சக்தி உறங்குகிறது. 1919-இல் ஜான் உட்ரோஃப் இதை ஆங்கிலத்தில் வெளியிட்ட பிறகு, உலகெங்கும் வரையப்பட்ட சக்கரப் படங்களுக்கு இதுவே முக்கிய ஆதாரம் ஆனது.

நம் சித்தர் மரபு வேறு மாதிரி அடுக்குகிறது. மூலாதாரத்தில் பிள்ளையார், ஓங்காரம். நமசிவாயத்தின் ‘ந’கரமும் மண்ணும் பிரமனும் ஒரு படி மேலே சுவாதிட்டானத்துக்குப் போய்விடுகின்றன. விநாயகர் அகவலில் ஔவையார் மூலாதாரத்தில் மூண்டெழும் கனலை மூச்சுக்காற்றால் எழுப்பும் வழியைப் பிள்ளையார் அறிவித்ததாகப் பாடுகிறார். ஆக இங்கே மூலாதாரம் மண்ணைவிடக் கனலுக்கு நெருக்கமானது. ஆனால் சைவத் தலங்களை ஆதாரங்களாக அடுக்கும்போது திருவாரூர் மூலாதாரத் தலமாகவும் இருக்கிறது, பஞ்சபூதத் தலங்களில் பிருத்வி (மண்) தலமாகவும் சொல்லப்படுகிறது. இரண்டு வரைபடமும் அந்த ஊரில் சந்திக்கின்றன என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். அங்கே பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் மூலாதாரச் சக்கர விநாயகர் மீதே ஒரு கீர்த்தனை செய்திருக்கிறார்.

மூன்றாவது வரைபடம் மேற்கில் உருவானது. 1927-இல் பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் சக்கரங்களைப் பற்றி எழுதினார். 1932-இல் ஸூரிக்கில் உளவியலாளர் கார்ல் யுங் குண்டலினி பற்றி உரையாற்றி, மூலாதாரத்தை நம் அன்றாட உலகமாக, நாம் வேர்விட்டிருக்கும் இடமாக விளக்கினார். அதன் பிறகு வந்தவர்கள் பாதுகாப்பு உணர்வு, பணம், குடும்பம் எல்லாவற்றையும் இந்தச் சக்கரத்தில் சேர்த்தார்கள். ஏழு சக்கரத்துக்கு வானவில்லின் ஏழு நிறம் என்ற கணக்கும் 20-ஆம் நூற்றாண்டில் வந்ததுதான். இன்று எல்லாப் படத்திலும் பச்சையாக இருக்கும் நெஞ்சுச் சக்கரமான அநாகதம் பூர்ணானந்தரின் நூலில் செந்நிறம். ‘அடைப்பு எடுப்பது’, ‘சமன் செய்வது’ என்ற பேச்சும் பெரும்பாலும் இந்த மூன்றாவது வரைபடத்தைச் சேர்ந்தது. பழைய நூல்கள் எழுப்புவதையும் ஏற்றுவதையும்தான் பேசின.

புதியது என்பதற்காக அதை நான் ஒதுக்கவில்லை. பயத்தில் இருப்பவர்களுக்கு மூச்சு நெஞ்சுக்கு மேலே ஏறிவிடும், தொடையும் இடுப்பும் இறுகும், பாதம் தரையில் பதியாது. அந்த நிலையை ‘மூலாதாரம் ஆடுகிறது’ என்று சொன்னால் எனக்கு அது புரிகிறது. உடலை அறுத்துப் பார்த்தால் சக்கரம் கிடைக்காது என்பதும் உண்மை. அனுபவத்தைக் குறிக்கும் மொழியாக அதை எடுத்துக்கொண்டால் இரண்டுக்கும் சண்டை இல்லை.

கை வைக்கும் ரெய்கி, கை படாத பிராணிக் ஹீலிங்

இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைப்பவர்கள் உண்டு. செய்முறையில் அவை வெகுதூரம் விலகியவை.

ரெய்கி ஜப்பானில் மிக்காவோ உசுயி 1922-இல் தொடங்கியது. கியோட்டோ பக்கத்தில் குராமா மலையில் நோன்பிருந்து பெற்றதாகச் சொல்வார்கள். 1930-களின் பிற்பகுதியில் ஹவாயோ தகாதா அதை ஹவாய்க்குக் கொண்டுபோனார். ஏழு சக்கரக் கணக்கு அதில் பின்னால் மேற்கில் ஒட்டிக்கொண்டது. உடுத்திய துணியோடு படுத்துக்கொள்வீர்கள், சிகிச்சை தருபவர் தலையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வோர் இடமாக மெல்லக் கை வைப்பார். மூலாதாரத்துக்கு என்றால் முழங்கால், கணுக்கால், உள்ளங்கால் ஆகிய இடங்களில் வைத்தாலே போதும். அதற்கு மேல் தொட வேண்டிய அவசியமே இல்லை. யாராவது அவசியம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிராணிக் ஹீலிங்கை முறைப்படுத்தியவர் பிலிப்பைன்ஸின் சோவா கோக் சுயி. அவருடைய முதல் நூல் 1987-இல் வந்தது. இதில் ஏழு இல்லை, 11 முக்கியச் சக்கரங்கள். உடலைத் தொடாமல், சற்றுத் தள்ளிக் கையை வைத்து ‘ஸ்கேன்’ செய்வார்கள், பிறகு கையால் வழித்தெடுத்து உப்புத் தண்ணீரில் உதறுவார்கள், கடைசியில் பிராணனை, அதாவது உயிராற்றலை, செலுத்துவார்கள். முதுகெலும்பின் அடியில் இருக்கும் அடிப்படைச் சக்கரத்தைத் தசை, எலும்பு, உடல் வலிமை ஆகியவற்றோடு இணைத்துப் பார்க்கிறார்கள்.

ஆய்வுகள் பக்கம் பார்த்தால் இரண்டுக்குமே பலமான ஆதரவு இல்லை. ரெய்கி பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் உதவுமா என்று 2015-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அலசியது. சேர்க்கத் தகுந்த ஆய்வுகள் மூன்றே மூன்று, பங்கேற்றவர்கள் 124 பேர். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லப் போதுமான சான்று இல்லை என்பதுதான் முடிவு. தொடாமல் ஆற்றலை உணர்வது பற்றி 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு சோதனை வந்தது. எமிலி ரோசா என்ற சிறுமி பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்காகச் செய்தது. திரைக்கு அப்பால் தன் கை, ஹீலரின் எந்தக் கைக்கு மேல் இருக்கிறது என்று கேட்டாள். 21 ஹீலர்கள், 280 முயற்சிகள், சரியான விடை 44 சதவீதம். கண்ணை மூடிச் சொன்னாலே பாதி சரியாக வரும். அவர்கள் உடலுக்கு மேலே கையை அசைத்துச் சிகிச்சை தரும் ‘தெரபியூட்டிக் டச்’ முறையினர், பிராணிக் ஹீலர்கள் அல்ல. ஆனாலும் கையால் ஸ்கேன் செய்து ‘இங்கே அடைப்பு’ என்று சொல்லும் எந்த முறைக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

இரண்டில் ஒன்று என்றால், பயந்து களைத்துப் போன ஒருவருக்கு நான் ரெய்கியைச் சொல்வேன். காரணம் எளியது. ஒரு மணி நேரம் சத்தமில்லாத அறையில் படுத்து, அக்கறையுள்ள ஒருவரின் கைச்சூட்டை உள்ளங்காலில் உணர்வதே மனதை இறக்கிவிடும். அதோடு முதல் நிலையைக் கற்றுக்கொண்டால் தன் கையைத் தானே வைத்துக்கொள்ளலாம். தொடுதல் ஒத்துவராதவர்களுக்குப் பிராணிக் ஹீலிங் வசதி. ஆனால் அதன் ஸ்கேன் முடிவை நோய் கண்டறிதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவத்துக்கு மாற்று அல்ல, துணை மட்டுமே என்று அந்த அமைப்பே சொல்கிறது. இந்த வரியை எல்லா ஹீலர்களும் வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொன்னால் எவ்வளவோ நல்லது.

சாந்தி தவம்

மனவளக்கலையைத் தோற்றுவித்த வேதாத்திரி மகரிஷியின் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. கீழிருந்து மேலே ஏறும் வழக்கமான வரிசையை அவர் மாற்றினார். முதலில் ஆக்கினை, புருவ மத்தியில் கவனம். அதன் பிறகே மூலாதாரத்துக்கு இறக்கும் சாந்தி தவம். தலையில் அழுத்தமும் சூடும் ஏறியவர்களுக்கு இறங்கி வர ஒரு படி முதலிலேயே கொடுத்துவிடுகிறார். தியானம் தொடங்கிய புதிதில் தலை கனக்கிறது, தூக்கம் வரவில்லை என்பவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் இதன் அருமை புரியும்.

ரெய்கியோடு ஒப்பிட்டால், இங்கே தொடக்கத்தில் மட்டும் ஆசிரியர் தீட்சை தருகிறார், அப்புறம் உட்கார்ந்து செய்வது நீங்கள்தான். ஊருக்கு ஊர் அறிவுத் திருக்கோயிலும் மன்றமும் இருப்பதால் சந்தேகம் வந்தால் போய்க் கேட்கலாம். பொள்ளாச்சி பக்கம் ஆழியாற்றில் இருக்கும் தலைமை மையம் வரை போக வேண்டியதில்லை. செலவும் குறைவு.

குறை என்னவென்றால், கண்ணை மூடிக் கீழே கவனம் வைக்கிற பொறுமை பதற்றத்தில் இருப்பவருக்கு முதல் நாளே வராது. இடுப்பும் தொடையும் விறைத்தவர் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கவனம் மூலாதாரத்துக்குப் போகாது, முழங்கால் வலிக்குப் போகும். மனவளக்கலையில் எளியமுறை உடற்பயிற்சியும் சேர்த்தே கற்றுத்தருகிறார்கள். அதை விட்டுவிட்டுத் தவத்துக்கு மட்டும் வருபவர்கள் பாதிப் பலனைத்தான் பெறுகிறார்கள்.

ஆசனமும் மூலபந்தமும்

இதைத்தான் நான் முதலில் வைக்கிறேன். மேலே சொன்ன எதற்கும் இல்லாத ஒன்று இதற்கு இருக்கிறது: மூலாதாரம் என்று சுட்டப்படும் இடத்தில் உண்மையிலேயே தசை இருக்கிறது. முன்னே பூப்பெலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை தொட்டில் போல விரிந்து, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள். மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் இறங்க, இதுவும் மெல்ல இறங்கும். விடும்போது இரண்டும் ஏறும். 15-ஆம் நூற்றாண்டு ஹட யோக நூல் குதிகாலால் உடலின் அடிப்பகுதியை அழுத்தி, சுருக்கி, கீழ்நோக்கிச் செல்லும் காற்றான அபானனை மேலே இழுக்கச் சொன்னது. 1948-இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் பிரசவத்துக்குப் பின் சிறுநீர் கசியும் பெண்களுக்கு அதே இடத்துத் தசைக்குப் பயிற்சி எழுதினார். சிறுநீர்க் கசிவுக்கு இடுப்புத்தளப் பயிற்சி இன்று உலகெங்கும் முதல் சிகிச்சையாகவே தரப்படுகிறது. இந்த அளவு உறுதியான தரை மற்ற மூன்றுக்கும் இல்லை.

ஆனால் இங்கேதான் பலர் தப்பாகத் தொடங்குகிறார்கள். மூலபந்தம் என்றால் இறுக்குவது என்று நினைத்து, பிட்டத்தையும் தொடையையும் சேர்த்து இறுக்கி, மூச்சையும் பிடித்துக்கொள்கிறார்கள். பயமும் மலச்சிக்கலும் உள்ளவர்களுக்கு அந்தத் தசை பெரும்பாலும் ஏற்கெனவே இறுகித்தான் இருக்கும். மேலும் இறுக்கினால் வலிதான் கூடும். அவர்களுக்கு முதல் வேலை தளர்த்துவது. குத்தவைத்து உட்காரும் மாலாசனம், குதிகால் எட்டாவிட்டால் அடியில் மடித்த போர்வை. நெற்றி தரையில் படும் பாலாசனம். இரண்டிலும் மூச்சு அடிவயிற்றைத் தாண்டிக் கீழே இறங்குவதைக் கவனிப்பது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு மெதுவானால் நரம்பு மண்டலம் அமைதிப் பக்கம் சாயும். இது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. தளர்த்த வந்த பிறகு மூலபந்தம்: மூச்சை விடும்போது மெல்ல மேலே இழுத்து, அடுத்த மூச்சை இழுக்கும்போது முழுதாக விட்டுவிடுவது. பிடிப்பதைவிட விடுவதற்கு நேரம் அதிகம் கொடுங்கள்.

நின்று செய்யும் தாடாசனத்தையும் வீரபத்ராசனத்தையும் விட்டுவிடாதீர்கள். வெறுங்காலோடு, பெருவிரல் அடியும் சுண்டுவிரல் அடியும் குதிகாலும் தரையில் பதிய நிற்பது பார்க்கச் சாதாரணமாக இருக்கும். காலில் தெம்பில்லை என்று வந்தவர்களுக்கு முதலில் மாற்றம் தெரிவது இதில்தான்.

கர்ப்பிணிகளும், குடலிறக்கமோ முற்றிய மூலநோயோ உள்ளவர்களும், அறுவை சிகிச்சை முடித்தவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

கல், நிறம், ஒலி

சிவப்பு ஜாஸ்பர் கல்லும் சிவப்புத் துணியும் மனதுக்குப் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ‘396 ஹெர்ட்ஸ் மூலாதார இசை’ பழங்கால ரகசியம் அல்ல, அந்த எண்கள் 1990-களில் வந்தவை. கேட்டுத் தூக்கம் வந்தால் கேளுங்கள். காசு செலவழித்து வாங்காதீர்கள். வாய்விட்டு ஓங்காரம் நீட்டிச் சொல்வது இவற்றைவிட நல்லது, மூச்சு வெளியேறும் நேரம் தானாக நீளும்.

யாருக்கு எது

களைப்பும் தலைசுற்றலும் முதன்மையாக இருந்தால் எந்த ஹீலிங்குக்கும் முன்னால் ரத்தப் பரிசோதனை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவை மூலாதார அடைப்பு என்று நினைத்து மாதக்கணக்கில் ஹீலிங் எடுப்பது பெரிய கொடுமை. மலத்தில் ரத்தம், இரவில் வலியால் விழிப்பு, கால் மரத்துப்போவது எல்லாவற்றுக்கும் அதே பதில்தான்.

உடம்பு நன்றாக இருந்து கவலை மட்டும் ஆட்டுகிறது என்றால் தினமும் கொஞ்ச நேரம் ஆசனம், மூச்சு, பிறகு சாந்தி தவம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். துக்கத்தில் இருப்பவர், எதையும் செய்யத் தெம்பில்லாதவர் ரெய்கியில் தொடங்கலாம், எழுந்து நிற்க முடிந்ததும் பயிற்சிக்கு வந்துவிட வேண்டும்.

பாலியல் துன்பமோ வன்முறையோ கடந்து வந்தவர்களுக்கு இந்த ஒப்பீடு அப்படியே பொருந்தாது. இடுப்புப் பகுதியில் கவனம் வைப்பதே சிலருக்குப் பீதியைக் கிளப்பும். அவர்கள் மூலபந்தத்தையும் கண்மூடித் தவத்தையும் இப்போதைக்கு ஒதுக்கிவைத்து, கண்ணைத் திறந்தபடி உள்ளங்காலை மட்டும் உணர்ந்து நிற்பது, நடப்பது என்று தொடங்கலாம். கூடவே மனநல ஆலோசகர் ஒருவர் வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.