சமையலறை வாசலில் நாய் கேட்: இரண்டு வருடம் கழித்து

நாய்க்குட்டி வாங்கியிருக்கும் நண்பர், அது சமையலறைக்குள் வராமல் இருக்க கேட் வாங்கலாமா என்று கேட்டதால் எழுதுகிறேன். இரண்டு வருடமாகப் புழங்குவது சாதாரண இரும்பு கேட்தான்: 76 செ.மீ. உயரம், 75 முதல் 82 செ.மீ. அகலத்துக்குப் பொருந்தும், நான்கு மூலையிலும் திருகுக் கம்பி, ரப்பர் கப். சுவரில் ஓட்டை போட வேண்டாம் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். அந்த ஒரு வரிதான் தகராறு.

நம்ம ஊர் அடுக்குமாடி வீடுகளில் நிலை வைக்காத சமையலறைத் திறப்பு சகஜம். தரையிலிருந்து நான்கு அங்குலத்துக்கு ஸ்கர்ட்டிங் டைல் ஓடும். சுவரைவிட ஒரு செ.மீ. துருத்திக்கொண்டு நிற்கும். கேட்டின் கீழ்க் கப் சரியாக அந்த விளிம்பில் வந்து உட்காரும். பாதி டைல் மேல், பாதி அந்தரத்தில். கீழே அகலம் 78 செ.மீ. என்றால் மேலே 80. அதனால் மேல் கம்பிகளைப் பக்கத்துக்கு ஒரு செ.மீ. அதிகம் வெளியே திருக வேண்டும்; கம்பி நீள நீள ஆட்டம் கூடும். நாய் தினம் நாலு முறை முட்டினால் கேட் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, தாழ் கொக்கியில் விழாமல் போகும். கோபத்தில் இன்னும் இறுக்கினால் பட்டி பூசிய சுவர் உள்வாங்கி, ரூபாய் நாணயம் அளவுக்குப் பள்ளம் விழும். வீட்டுக்காரருக்கு அட்வான்ஸில் பிடிக்க அது போதும்.

இதற்கு வழி இருக்கிறது. டைல் துருத்தும் அளவுக்கே தடிமனான மரைன் ப்ளைவுட்டில் (ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து) 8 செ.மீ. அகலப் பட்டை இரண்டு வெட்டி, ஸ்கர்ட்டிங்குக்கு மேலிருந்து கேட் உயரம் வரை இரண்டு பக்கமும் நிறுத்த வேண்டும். டைலும் பட்டையும் ஒரே மட்டத்தில் வந்தால் கப் முழுசாகப் பதியும். சமையலறைக்குச் சாதாரண ப்ளைவுட் வேண்டாம், துடைக்கும் தண்ணீரில் ஊறிவிடும். சொந்த வீடு என்றால் பட்டைக்கு மூன்று 50 மி.மீ. ஸ்க்ரூ, ப்ளக் போட்டு. வாடகை வீட்டில் இரட்டைப் பக்க டேப்பால் நிறுத்தினால் போதும், கேட்டின் அழுத்தமே பிடித்துக்கொள்ளும். பட்டை வைத்த பிறகுதான் அகலம் அளக்க வேண்டும், மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை.

பெட்டியைப் பிரித்ததும் தாழ்ப்பக்கம் ஒன்றிரண்டு செ.மீ. இடைவெளி தெரியும். கோணல் மாணலாக வந்துவிட்டது என்று திருப்பி அனுப்பாதீர்கள். சட்டம் 'ப' வடிவில் மேலே திறந்தது. மேல் கம்பிகளை இறுக்கினால் மூடிக்கொள்ளும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அரைச் சுற்று.

மரநிலையில் மாட்டியவர்களுக்கு வேறு தொல்லை. ஐப்பசி மழையில் மரம் உப்பி தாழ் முரண்டு பிடிக்கும், சித்திரை வெயிலில் சுருங்கி கேட் லொடலொடக்கும். வருடத்துக்கு இரண்டு முறை ஸ்பேனர் எடுக்கத்தான் வேண்டும்.

தானாக மூடும் வசதியை மனமாரப் பாராட்டலாம். ஒரு கையில் பாத்திரத்தோடு மறு கையால் தாழைத் திறந்து தள்ளிவிட்டுப் போனால், பின்னால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். ரசமட்டம் வைத்து நேராக நிறுத்தியிருந்தால் மட்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்றில் கீல் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். மாதம் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் சரி.

பூனை இதைச் சும்மா தாண்டிவிடும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நீளக்கால் நாய்க்கும் அப்படியே. அந்த நாய்களுக்கு ஒரு மீட்டருக்குக் குறைந்த உயரத்தை யோசிக்காதீர்கள்.

இவ்வளவு புகழ்ந்தாலும் நண்பருக்குச் சொன்னது: வாங்க வேண்டாம். வாசலில் குறுக்கே இரண்டு செ.மீ. உயரக் கீழ்க்கம்பி எப்போதும் கிடக்கும். வயதானவர் கால் தடுக்கும் இடம் அது, அதுவும் கொதிக்கும் ரசத்தோடு. மஞ்சள் டேப் ஒட்டியும் தடுக்கிறது. பட்டை வெட்ட எப்படியும் ஆசாரியிடம்தான் போகப்போகிறோம். சொந்த வீடானால் அவரிடமே 19 மி.மீ. ப்ளைவுட்டில் மூன்றடி அரைக்கதவு, இரண்டு கீல், உள்பக்கம் ஒரு டவர் போல்ட் (தள்ளு தாழ்ப்பாள்) என்று சொல்லிவிடலாம். மாப் போகத் தரையிலிருந்து ஒரு செ.மீ. விடச் சொல்லுங்கள்.