பீன்யாவா, பொம்மசந்திராவா, ஓசூரா? துல்லிய மெஷினிங் வேலையை யாரிடம் கொடுப்பது

பெங்களூரில் சிஎன்சி வேலையை (கணினி இயக்கும் மெஷினில் உலோகம் வெட்டும் வேலையை) வெளியே கொடுக்கும் சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிவெடுக்கின்றன. டிராயிங்கை நாலு பேருக்கு அனுப்புவார்கள், நாலு கொட்டேஷன் வரும், பீஸ் விலை குறைவாகப் போட்டவருக்கு பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) போகும். கொள்முதலிலும் தரப் பரிசோதனையிலும் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பீஸ் விலையைக் கடைசியில் பாருங்கள். அந்தப் பாகத்தை யார், எங்கே, எதை வைத்து அளக்கப்போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

பேச்சு பொதுவாகப் போகாமல் இருக்க ஒரு பாகத்தை எடுத்துக்கொள்வோம். 6061-டி6 என்ற அலுமினியக் கலவையில் ஒரு ஹவுசிங் (பேரிங்கைத் தாங்கும் கூடு). 6202 பேரிங் உட்காருவதற்கு 35 மில்லிமீட்டர் போர் (துளை), எச்7 டாலரன்ஸ் (அனுமதிக்கப்பட்ட அளவு வித்தியாசம்). மேலே ஹார்டு அனோடைசிங், அதாவது மின்வேதி முறையில் வளர்க்கும் கடினமான ஆக்சைடு பூச்சு. போர் 35.000-லிருந்து 35.025-க்குள் நிற்க வேண்டும், மொத்தம் 25 மைக்ரான்தான் இடம். நல்ல நிலையில் உள்ள எந்த விஎம்சியும் (செங்குத்து சிஎன்சி மெஷின்) ஒழுங்காக செட் செய்த போரிங் பாரும் (துளையைக் கடையும் கருவி) இருந்தால் இந்த அளவு கிடைத்துவிடும். அதனால் யாரிடம் எந்த மேக் மெஷின் இருக்கிறது என்பதில் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

முதலில் பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டை, ராஜகோபால் நகர் பக்கத்துச் சின்ன ஷாப்புகள். 1953-ல் மெஷின் டூல் தயாரிக்கும் அரசு நிறுவனமான எச்எம்டி ஜாலஹள்ளியில் வந்த காலத்திலிருந்தே அந்தப் பகுதியில் கைத்திறன் ஊறியிருக்கிறது. இரண்டு மூன்று மெஷின் இருக்கும். முதலாளிதான் செட்டர் (மெஷினை வேலைக்குத் தயார் செய்பவர்), அவரேதான் புரோகிராமர். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஆபரேட்டராக வந்து, பிறகு சொந்தமாக ஷெட் போட்டவர்களும் உண்டு. தமிழிலேயே பேசி முடித்துவிடலாம். இருபது பீஸ் என்றாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். இது சின்ன விஷயமில்லை. செட்டிங்குக்கு மூன்று மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 20 பீஸில் ஒவ்வொன்றின் தலையிலும் 9 நிமிடம் விழுகிறது. 2000 பீஸ் என்றால் ஆறு வினாடிகூட வராது. குறைந்த எண்ணிக்கையை மனமுவந்து எடுப்பவர் என்றால் நமக்கு உண்மையிலேயே பெரிய உதவி.

அவர்களுடைய பலவீனம் அளவெடுப்பதில் இருக்கிறது. எல்லா அளவும் 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும் என்பதுதான் உலக வழக்கம். தகரக் கூரைக்குக் கீழே 30 டிகிரி சாதாரணம். ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 23 மைக்ரான் விரியும். நம்முடைய 35 மில்லி போர் பத்து டிகிரியில் 8 மைக்ரான் பெரிதாகிறது. டாலரன்ஸில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. எஃகு கேஜும் பாகமும் ஒரே இடத்தில் சில மணி நேரம் கிடந்தால், இரண்டும் சேர்ந்து விரிவதால் பிழை பாதியாகிவிடும். மெஷினிலிருந்து சூடாக எடுத்த கையோடு அளந்து "ஓகே சார்" என்றால்தான் பிரச்சினை. இதற்கு எளிய வழி இருக்கிறது. கோ, நோ-கோ பிளக் கேஜ் (ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும், மறு முனை நுழையக் கூடாது) ஒன்றை நாமே வாங்கி, என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேபில் காலிப்ரேட் செய்து (அளவு சரிபார்த்து), வேலையோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே கேஜில் பேசலாம், வாக்குவாதம் குறையும்.

பொம்மசந்திரா, ஜிகணிப் பக்கத்து நடுத்தர நிறுவனங்களில் இந்தக் கவலை குறைவு. விமானத் துறைக்கான ஏஎஸ்9100 தரச் சான்றிதழ், குளிரூட்டிய அறையில் சிஎம்எம் (முப்பரிமாண அளவீட்டு மெஷின்), முதல் பீஸுக்கு முழு இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், ஹீட் நம்பரோடு (உலோகம் உருக்கிய தொகுதியின் எண்) மெட்டீரியல் சர்டிஃபிகேட் எல்லாம் கேட்காமலே வரும். ஆனால் சான்றிதழ் அந்த நிறுவனத்தின் நடைமுறைக்குத் தரப்படுவது, உங்கள் பீஸுக்கு அது உத்தரவாதம் ஆகாது. அங்கே போனால் கான்ஃபரன்ஸ் ரூமில் படம் காட்டுவதை முடித்துக்கொண்டு, ரிஜெக்ட் ஆன பீஸ்களை வைக்கும் ரேக்கைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் டேக் தொங்கி, என்ன குறை, யார் முடிவெடுத்தார் என்று எழுதியிருந்தால் அந்த இடத்தை நம்பலாம். "எங்களிடம் ரிஜெக்‌ஷனே வராது" என்று சொன்னால் எனக்கு பயமாக இருக்கும். இன்னொரு குறை, நாம் அங்கே சின்ன வாடிக்கையாளர். விமானத் துறை ஆர்டர் ஒன்று அவசரமாக வந்தால் நம் இருபது பீஸ் வரிசையில் பின்னால் தள்ளப்படும். சந்தேகம் கேட்கக் கூப்பிட்டால் சேல்ஸ் ஆள்தான் எடுப்பார், செட்டரோடு பேச முடியாது.

பீன்யா, பொம்மசந்திரா, ஓசூர் மூவரையும் சோதிக்க என்னிடம் ஒரு கேள்வி உண்டு, அதை அவர்கள் நம்மிடம் கேட்க வேண்டும். "சார், இந்த 35 எச்7 அனோடைசிங்குக்கு முன்னாடியா, பின்னாடியா?" ஹார்டு அனோடைசிங் 50 மைக்ரான் ஏற்றினால் ஏறக்குறைய பாதி உள்ளே இறங்கும், பாதி வெளியே வளரும். சுவருக்கு 25 மைக்ரான் என்றால் விட்டத்தில் 50 மைக்ரான் குறைகிறது, டாலரன்ஸைப்போல இரண்டு மடங்கு. கச்சிதமாக வந்த போர் அனோடைசிங் முடிந்து வரும்போது பேரிங் நுழையாத போராக வரும். முன்கூட்டியே 50 மைக்ரான் பெரிதாகப் போர் செய்யலாம்; ஆனால் பூச்சின் தடிமன் 5 மைக்ரான் ஏறி இறங்கினாலும் விட்டமும் அவ்வளவே மாறும். இந்தப் பாகத்துக்கு, போரை ரப்பர் பிளக்கால் அடைத்து அனோடைசிங் செய்வதே மேல். டிராயிங்கில் இதை எழுதுவது நம் பொறுப்புதான். ஆனாலும் எழுதாமல் விட்டதைப் பார்த்துப் போன் செய்கிறவர், நம்முடைய பாகத்தைத் தன்னுடையதாக நினைக்கிறார் என்று அர்த்தம். கேட்காமல் கொட்டேஷன் மட்டும் அனுப்புகிறவர் எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் எனக்கு இரண்டாம் இடம்தான்.

ஓசூர் வேறு கணக்கு. வாகனத் தொழிற்சாலைகளைச் சுற்றி வளர்ந்த வெண்டர்கள், ஐஏடிஎஃப் 16949 (வாகனத் துறைத் தர விதி) பழக்கம், ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வெட்டுவதற்கான ஃபிக்ஸ்சர் (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் அமைப்பு). மாதாமாதம் ஒரே பாகம் ஓடும் என்றால் அங்கே போகலாம். டிசைன் இன்னும் மாறிக்கொண்டிருந்தால் வேண்டாம். அத்திப்பள்ளியைத் தாண்டினால் மாநிலம் மாறுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. மெட்டீரியலை நாம் ஜாப் ஒர்க்குக்கு (நம் மெட்டீரியலில் வேலை மட்டும் செய்து தருவதற்கு) அனுப்பினால், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரக்கு கொண்டுபோவதற்கான ஈ-வே பில் போட்டாக வேண்டும். அனுப்பிய மெட்டீரியல் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்ற ஜிஎஸ்டி விதி உள்ளூருக்கும் பொருந்தும். ஜிக், ஃபிக்ஸ்சருக்கு அந்தக் கெடு இல்லை.

ஆன்லைனில் மாடலை ஏற்றியதும் விலை சொல்லும் தளங்கள் பிராக்கெட், கவர் பிளேட் மாதிரி வேலைக்குச் சரி. வெட்டுகிறவரோடு நேரடியாகப் பேச வழியில்லாத இடத்தில் பேரிங் போரைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

இந்த ஹவுசிங்குக்கு என் தேர்வு இதுதான். முதல் 20 பீஸ், அனோடைசிங் பற்றி நம்மைக் கேட்ட பீன்யா ஷாப்புக்கு, நம் பிளக் கேஜோடு. அவர் கை நிறைய வேலை இருக்கும்போது பக்கத்து ஷெட்டுக்குத் தள்ளிவிடாமல் இருக்க, அதையும் பிஓவிலேயே எழுதிவிட வேண்டும். அனோடைசிங் முடித்துத் தரும் பொறுப்பும் அவருடையதே. இரண்டு பேரிடம் பிரித்தால் தவறு யாருடையது என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டிசைன் உறுதியாகி எண்ணிக்கை ஆயிரத்தைத் தொட்டால் ஓசூர். விமானத்துக்கோ மருத்துவக் கருவிக்கோ போகிற பாகம் என்றால் முதல் பீஸிலிருந்தே பொம்மசந்திரா, விலை கூடினாலும்.

பீன்யா ஷாப்பைத் தேர்ந்தெடுத்தால் பணத்தையும் நேரத்துக்குக் கொடுங்கள். உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுத் தளம்) பதிவு உள்ள சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள்தான். இன்சர்ட்டும் (மாற்றிப் போடும் வெட்டு முனை) மெட்டீரியலும் கைக்காசில் வாங்கி வெட்டுகிறவருக்கு அந்தப் பணம் வந்தால்தான் அடுத்த ஜாப்புக்குப் புது இன்சர்ட் வாங்க முடியும்.